குழந்தை எவ்வளவு ஓடியது? ஒரு கருவியும் ஒரு கோடும்

ஒன்பது வயதுப் பையன் ஒருவன் ஒரு நாளில் எவ்வளவு ஓடி ஆடுகிறான்? அம்மாவைக் கேட்டால், "ஒரு நிமிஷம் ஒரு இடத்துல உட்கார மாட்டான்" என்பார். அப்பாவைக் கேட்டால், "எந்நேரமும் டி.வி. முன்னாடிதான்" என்பார். பையனையே கேட்டால்... நேற்று மதியம் என்ன சாப்பிட்டான் என்பதே அவனுக்கு நினைவிருக்காது!

இது வெறும் வீட்டுச் சண்டை இல்லை. பள்ளியில் வாரத்துக்கு எத்தனை பி.டி. பீரியட் வைப்பது, மைதானத்துக்கு அரசு எவ்வளவு செலவழிப்பது, "இந்தக் காலத்துப் பிள்ளைகள் சோம்பேறிகள்" என்ற புகார் உண்மையா பொய்யா என்பதெல்லாம் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கின்றன. பெரியவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து எழுதி வாங்கலாம். (அவர்களும் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவார்கள், அது வேறு.) பத்து வயதுக்குக் கீழே அந்த வழியும் சரிப்படாது. அதனால்தான் பிள்ளையைக் கேட்காமல் பிள்ளையின் உடம்பையே கேட்டுப் பார்க்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கிளம்பினார்கள். உடம்பில் ஒரு கருவியைக் கட்டிவிடுவது, அது சொல்வதை நம்புவது. அப்படிக் கட்டிய கருவிகளின் கதை இது. கருவி பொய் சொல்லாது என்பார்கள். அது எவ்வளவு தூரம் சரி என்பதையும் சேர்த்தே பார்க்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், குழந்தைகளுக்கு முதன்முதலில் இப்படி ஒரு கருவியைக் கட்டியது அவர்கள் குறைவாக ஓடுகிறார்கள் என்பதற்காக அல்ல. அதிகமாக ஓடுகிறார்கள் என்பதற்காக!

1959-இல் ஷுல்மன், ரைஸ்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டார்கள். 'அடங்காத பிள்ளை' என்று டாக்டரிடம் அழைத்து வரப்படும் குழந்தை உண்மையிலேயே மற்ற பிள்ளைகளைவிட அதிகமாக அசைகிறதா, அல்லது பெரியவர்களுக்கு அப்படித் தோன்றுகிறதா என்பது அவர்கள் கேள்வி. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட கருவி சாதாரண ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம். சாவி கொடுக்கத் தேவையில்லாத அந்த வாட்ச்சில், கையை ஆட்ட ஆட்ட உள்ளே ஒரு தகடு சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கும். முறுக்கிய ஸ்பிரிங் மெல்ல அவிழ்ந்து முள்ளை நகர்த்தும். முள் அவசரப்படாமல் சீராக நகர்வதற்கென்று உள்ளே இருக்கும் பாகங்களைக் கழற்றிவிட்டால்? தகட்டின் அசைவு நேராக முள்ளுக்குப் போய்விடும். அப்புறம் அந்த வாட்ச் மணி காட்டாது, கை எவ்வளவு அசைந்தது என்பதைத்தான் காட்டும். காலையில் 12-இல் நிறுத்திக் கட்டிவிட்டு, மாலையில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும். இதற்கு 'ஆக்டோமீட்டர்' என்று பெயர் வந்தது. 1968-இல் பெல் என்ற உளவியலாளர் இன்னும் சிறிய வாட்ச்களைக் கைக்குழந்தைகளுக்கும் பொருந்தும்படி மாற்றிக் காட்டினார்.

இந்த 'அடங்காத பிள்ளை' கேள்விக்கு நல்ல விடை வர 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் லிண்டா பொரினோ, ஜூடித் ராப்போபோர்ட் முதலானோர், மின்னணு நினைவகம் உள்ள ஒரு கருவியை 12 துறுதுறு பையன்களுக்கும், அதே வயது 12 சாதாரணப் பையன்களுக்கும் ஒரு வாரம் ராப்பகலாகக் கட்டிவிட்டார்கள். துறுதுறு பையன்கள் வகுப்பில் மட்டும்தான் அசைகிறார்கள் என்று நினைத்தவர்களுக்கு ஓர் அதிர்ச்சி. அவர்கள் சனி, ஞாயிறுகளிலும் மற்றவர்களைவிட அதிகம் அசைந்தார்கள். தூக்கத்தில்கூட! வாத்தியாரைக் கடுப்பேற்ற வேண்டும் என்று யாராவது தூக்கத்தில் புரண்டு படுப்பார்களா? அந்தப் பையன்களின் மேல் சுமத்தப்பட்ட பழி கொஞ்சமாவது குறைந்திருக்க வேண்டும். கருவி பிள்ளைகளின் பக்கம் சாட்சி சொன்ன அபூர்வமான நேரங்களில் இது ஒன்று.

இதற்கிடையே இன்னொரு கேள்வி தனியாக வளர்ந்துகொண்டிருந்தது. குண்டாக இருக்கும் பிள்ளைகள் குறைவாக அசைவதால்தான் குண்டாகிறார்களா? 1962-இல் ஸ்டங்கார்டும் பெஸ்ட்காவும் கோடை முகாமிலும் வீட்டிலும் சிறுமிகளுக்கு அடிகளை எண்ணும் பெடோமீட்டரைக் கட்டிப் பார்த்தார்கள். குண்டான சிறுமிகளுக்கும் மற்றவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இரண்டே வருடம் கழித்து, 1964-இல், ஹார்வர்டின் ஜீன் மேயர் குழுவினர் இன்னொரு முகாமில் சிறுமிகளைச் சினிமா காமிராவால் படம் பிடித்தார்கள். நீச்சல், டென்னிஸ், வாலிபால் எல்லாவற்றிலும் குண்டான சிறுமிகள் நிறைய நேரம் சும்மா நின்றிருந்தது படத்தில் தெரிந்தது. ஒரே கேள்வி, இரண்டு கருவிகள், நேர் எதிரான இரண்டு விடைகள். பின்னால் வரப்போகும் பெரிய குழப்பத்துக்கு இது ஒரு முன்னோட்டம் என்று அப்போது யாருக்கும் தெரிந்திருக்காது.

பெடோமீட்டரைப் பற்றி ஒரு கொசுறுச் செய்தி. 'தினம் 10,000 அடி' என்று இன்று எல்லோரும் சொல்கிறார்களே, அது எந்த மருத்துவ ஆராய்ச்சியிலிருந்தும் பிறந்த எண் அல்ல. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் நடந்த மறு வருடம், 1965-இல், யமாசா என்ற ஜப்பானியக் கடிகார நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த பெடோமீட்டருக்கு வைத்த பெயர் 'மான்போ-கேய்'. '10,000 அடி மீட்டர்' என்று அர்த்தம். கேட்க நன்றாக இருந்தது, உலகம் பிடித்துக்கொண்டது. எப்படியானாலும் குழந்தைகள் விஷயத்தில் பெடோமீட்டருக்கு ஒரு பெரிய குறை உண்டு. மெதுவாக நடந்தாலும் ஓர் அடி, தலைதெறிக்க ஓடினாலும் ஓர் அடிதான்.

அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் ஆக்ஸலரோமீட்டர், தமிழில் முடுக்கமானி. உடம்பு எத்தனை முறை அசைந்தது என்று மட்டும் பார்க்காமல் எவ்வளவு வேகமாக வெட்டி அசைந்தது என்று பார்க்கும் கருவி. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பொறியாளர் ஜான் வெப்ஸ்டரும் உடற்பயிற்சி ஆய்வாளர் ஹென்றி மாண்டாயும் சேர்ந்து 1980-களின் ஆரம்பத்தில் இடுப்பில் மாட்டும் ஒன்றைச் செய்தார்கள். வளைந்தால் சிறிது மின்சாரம் தரும் ஒரு பட்டைதான் அதன் உயிர்நாடி. 'கால்ட்ராக்' என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. வயது, எடை, உயரம் கொடுத்தால் எத்தனை கலோரி செலவானது என்று திரையில் காட்டும். பெரியவர்களுக்குச் சரி. பிள்ளைகளிடம் பொத்தான் வைத்த ஒரு பெட்டியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை! அதோடு கால்ட்ராக் மொத்தக் கணக்கை மட்டும்தான் காட்டும். அந்த ஓட்டம் இண்டர்வெல்லில் நடந்ததா, சாயங்காலம் நடந்ததா என்று அதற்குத் தெரியாது.

1990-களில் ஃப்ளோரிடாவிலிருந்து வந்த ஒரு சின்னப் பெட்டி இந்த இரண்டு தொல்லைகளையும் ஒழித்தது. சி.எஸ்.ஏ. 7164 என்று பெயர். நிறுவனத்தின் பெயர் எம்.டி.ஐ. என்று மாறி, கடைசியில் ஆக்டிகிராஃப் என்று நிலைத்தது. ஏறத்தாழ ஒரு தீப்பெட்டி அளவு, 40 கிராம் சொச்சம் எடை. அமுக்கிப் பார்க்க பொத்தானும் இல்லை, எட்டிப் பார்க்க திரையும் இல்லை. உள்ளே கடிகாரமும் நினைவகமும் இருந்தன. எலாஸ்டிக் பட்டையில் கோத்து இடுப்பில் கட்டிவிட்டு ஒரு வாரம் கழித்து வாங்கிக் கம்ப்யூட்டரில் மாட்டினால், நிமிடத்துக்கு நிமிடம் என்ன நடந்தது என்று வரிசையாகக் கொட்டும். 1994-இலும் 1998-இலும் பிள்ளைகளை வைத்தே இதைச் சோதித்தார்கள். இதயத் துடிப்போடும், ட்ரெட்மில்லில் ஓடும்போது மூச்சில் செலவாகும் ஆக்ஸிஜனோடும் ஒப்பிட்டார்கள். கருவி தேறிவிட்டது.

கொட்டியது என்ன? அதுதான் முக்கியம். கருவி தந்தது கலோரி அல்ல, கிலோமீட்டர் அல்ல, அடிகளும் அல்ல. 'கவுண்ட்' என்று ஓர் எண். நொடிக்கு 10 முறை அசைவை அளந்து, மனித அசைவாக இருக்க முடியாதவற்றை வடிகட்டி (பஸ்ஸின் குலுக்கல் மாதிரி), மீதியை நிமிடத்துக்கு நிமிடம் கூட்டினால் கிடைப்பது. வடிகட்டும் செய்முறை முழுமையாக நிறுவனத்துக்கு மட்டுமே தெரிந்திருந்தது. வேறு நிறுவனத்தின் கருவி வேறு மாதிரி வடிகட்டும், அதன் கவுண்ட் வேறு. எடைக்குக் கிலோ இருக்கிறது, தூரத்துக்கு மீட்டர் இருக்கிறது. கவுண்டுக்கு அப்படி ஒரு பொது அளவு கிடையாது. ஆக்டிகிராஃப் தன் கவுண்ட் கணக்கிடும் முறையை முழுமையாக வெளியிட்டது 2022-இல்தான்.

ஒரு நிமிடத்தில் 2500 கவுண்ட் என்று வந்தால் அது நல்ல ஓட்டமா, சும்மா உலாவலா? யாராவது ஒரு கோடு கிழித்துச் சொல்ல வேண்டும். 'இதற்கு மேலே போனால் உழைப்பு, கீழே இருந்தால் இல்லை' என்று. அந்தக் கோட்டைக் கிழிக்க ஒவ்வொரு குழுவும் கொஞ்சம் பிள்ளைகளை ஆய்வகத்துக்குக் கூட்டி வந்தது. இடுப்பில் கருவி, முகத்தில் மூச்சை அளக்கும் மூடி. நடக்கவிட்டு, ஓடவிட்டு, வீடியோ கேம் ஆடவிட்டு, இத்தனை ஆக்ஸிஜனுக்கு இத்தனை கவுண்ட் என்று கணக்குப் போட்டார்கள். ஹூஸ்டனில் புயாவ் குழுவினர் 2002-இல் 26 பிள்ளைகளை வைத்து, 'மிதமான உழைப்பு' நிமிடத்துக்கு 3200 கவுண்டில் தொடங்குகிறது என்றார்கள். 2008-இல் கெல்லி ஈவன்சன் குழுவினர் 33 பிள்ளைகளை வைத்து 2296 என்றார்கள். இந்த 26-ம் 33-ம் கொஞ்சம் நினைவில் இருக்கட்டும். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பிள்ளைகளை 'போதும்', 'போதாது' என்று பிரித்த கோடுகள் இப்படிக் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சிலரை வைத்துக் கிழிக்கப்பட்டவைதான்.

ஆக்ஸிஜன் கணக்கிலும் ஒரு சிக்கல். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் சக்தியை 1 என்று வைத்துக்கொண்டால், அதன் 3 மடங்கு செலவாகும் வேலையை 'மிதமான உழைப்பு' என்பது பெரியவர்களுக்கான வழக்கம். இந்த மடங்குக்கு 'மெட்' என்று பெயர். பிள்ளைகளுக்கும் அதே 3 மெட் போதுமா, அல்லது வேகமாக நடப்பதற்கு ஈடான 4 மெட் வேண்டுமா? இதில் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். ஏதோ ஒரு தசமப் புள்ளிச் சண்டை போலத்தான் தோன்றும். என்ன ஆனது என்று பாருங்கள்.

2004-இல் ஓர் ஐரோப்பிய ஆய்வு வெளியானது. டென்மார்க், போர்ச்சுகல், எஸ்டோனியா, நார்வே ஆகிய நான்கு நாடுகளில் 9 வயது, 15 வயதுப் பிள்ளைகள் 2185 பேர் இடுப்பில் கருவி கட்டியிருந்தார்கள். தினமும் 60 நிமிடம் மிதமான அல்லது அதற்கு மேற்பட்ட உழைப்பு வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. அதை எட்டியவர்கள் எத்தனை பேர்? 9 வயதுப் பையன்களில் 97.4 சதவீதம், பெண்களில் 97.6 சதவீதம். 15 வயதில் பையன்கள் 81.9, பெண்கள் 62. கவலைப்பட ஒன்றும் இல்லை!

2007-இல் இங்கிலாந்திலிருந்து இன்னோர் ஆய்வு. பிரிஸ்டல் நகரைச் சுற்றி 1991, 1992-இல் பிறந்த பிள்ளைகளை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்துவந்த பெரிய திட்டம் அது. 11 வயதில் 5595 பிள்ளைகளின் கருவிப் பதிவுகள். 60 நிமிடத்தை எட்டியவர்கள் 2.5 சதவீதம். பையன்களில் 5.1, பெண்களில் 0.4. அதாவது ஆயிரம் சிறுமிகளில் நான்கு பேர்!

97-க்கும் 2.5-க்கும் நடுவே என்ன நடந்தது? மூன்று வருடத்தில் ஐரோப்பியப் பிள்ளைகள் எல்லோரும் படுத்துவிட்டார்களா? அல்லது பிரிஸ்டல் மட்டும் சோம்பேறிகளின் ஊரா? இரண்டு ஆய்வுகளிலும் பயன்பட்டது அதே ஃப்ளோரிடா கருவி. இன்னும் சொல்லப்போனால், இரண்டு கட்டுரைகளுக்கும் முதல் ஆசிரியர் ஒரே ஆள்தான், கிறிஸ் ரிடாக்! மாறியது கோடுதான். முதல் ஆய்வில் 9 வயதுக்கு ஏறத்தாழ 1000 கவுண்டில் கோடு. அது 3 மெட் கணக்கு. இரண்டாவது ஆய்வில் 3600. அது 4 மெட் கணக்கு, அதே ஊர்ப் பிள்ளைகளை வைத்து மூச்சை அளந்து கிழித்தது. வயதும் ஊரும் வேறு என்பதால் கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்தக் கொஞ்சம் 97-ஐ 2.5 ஆக்கிவிடாது.

இதில் ரிடாக் குழுவினரைக் குறை சொல்வது நியாயமில்லை. இரண்டு கட்டுரைகளிலும் எந்தக் கோடு என்று எழுதித்தான் வைத்திருந்தார்கள். சிக்கல் அதை வெளியே எடுத்துச் சொல்லும்போதுதான் வருகிறது. 'கருவி வைத்து அளந்தது' என்ற முத்திரை விழுந்துவிட்டால் கோட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 2008-இல் ரிச்சர்ட் ட்ரொயானோ குழுவினர் அமெரிக்காவின் தேசியச் சுகாதார ஆய்வில் 2003, 2004-இல் திரட்டிய பதிவுகளை வெளியிட்டார்கள். 6 முதல் 11 வயதில் 42 சதவீதம் தேறினார்கள். அதற்கு மேற்பட்ட பதின்வயதில் 8 சதவீதம். 2013-இல் பிரிட்டனில் 7 வயதுப் பிள்ளைகள் 6497 பேரை அளந்தபோது 51 சதவீதம். ஒவ்வொன்றும் அதனதன் கோட்டின்படி உண்மை. ஒன்றை எடுத்து இன்னொன்றின் பக்கத்தில் வைத்து 'அந்த நாட்டைவிட இந்த நாடு மோசம்' என்று சொன்னால் அது பொய்.

கோடு மட்டுமல்ல, கடிகாரமும் விளையாடியது. 1995-இல் பெய்லி குழுவினர் கலிஃபோர்னியாவில் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகள் 15 பேரை 3 நொடிக்கு ஒருமுறை குறிப்பெடுத்துக் கவனித்தார்கள். பார்ப்பதற்கே மூச்சு வாங்கும் வேலை! பிள்ளைகளின் தீவிர ஓட்டம் ஒன்று சராசரியாக வெறும் 3 நொடிதான் நீடித்தது. அப்படிப்பட்ட ஓட்டங்களில் 95 சதவீதம் 15 நொடிக்குள் முடிந்துவிட்டன. பெரியவர்கள் மாதிரி அரைமணி நேரம் ஜாகிங் போகும் ஜாதி அல்ல குழந்தைகள். ஓடு, நில், குனி, மறுபடி ஓடு. கண்ணாமூச்சி ஆடும் எந்தக் கூட்டத்தைப் பார்த்தாலும் இது தெரியும்.

ஆனால் கருவி நிமிடத்துக்கு நிமிடம் அல்லவா கூட்டிக்கொண்டிருந்தது? உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு பையன் ஓடும்போது நொடிக்கு 100 கவுண்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடம் முழுக்க ஓடினால் 6000, எல்லாக் கோட்டையும் தாண்டிவிடுவான். 10 நொடி ஓடிவிட்டு 50 நொடி நின்றால் அந்த நிமிடத்தின் மொத்தம் 1000. ஈவன்சன் கோட்டின்படி அவன் உழைக்கவே இல்லை. அவன் ஓடிய ஓட்டம் கருவியின் கணக்கில் காணாமல் போய்விட்டது. 'சரி, 15 நொடிக்கு ஒருமுறை கூட்டலாமே' என்றால் பழைய 7164-இன் நினைவகம் நிமிடக் கணக்கில் 22 நாள் தாங்கும், 15 நொடிக் கணக்கில் 5 நாள் சொச்சம்தான். ஒரு வாரம் அளக்க வேண்டும் என்றால் நிமிடக் கணக்குதான் கதி. சிப்பில் இடம் இல்லாததால் பிள்ளைகளின் விளையாட்டுக்குச் சூழலுக்கேற்ற ஓர் இலக்கணம் கிடைக்காமல் போனது என்று சொன்னால் மிகையில்லை. நினைவகம் மலிவான பிறகு 15 நொடி வழக்கமாயிற்று.

இதற்கு மேல் சின்னச் சின்னத் தொல்லைகள். இடுப்புக் கருவிக்குச் சைக்கிள் மிதிப்பது சரியாகத் தெரியாது, கால் சுற்றினாலும் இடுப்பு ஆடுவதில்லை. டென்மார்க் மாதிரி சைக்கிள் நாட்டில் அது சின்ன இழப்பா? பழைய கருவிகளுக்குத் தண்ணீர் ஆகாது, நீச்சலுக்குப் போகும்போது கழற்றி வைக்க வேண்டும். கழற்றி வைத்த கருவியும் பூஜ்யம் காட்டும், அசையாமல் டி.வி. பார்க்கும் பிள்ளையின் கருவியும் பூஜ்யம் காட்டும். இரண்டையும் பிரிக்க, 'தொடர்ந்து 60 நிமிடம் பூஜ்யமாக இருந்தால் கழற்றி வைத்ததாகக் கொள்க' என்று ஒரு விதி வைத்தார்கள். இதுவும் ஒரு கோடுதானே!

இவ்வளவு குறை இருந்தும் இந்தக் கருவி ஒரு நல்ல காரியம் செய்தது. எல்லோருக்கும் தெரிந்ததாக நினைத்த சில விஷயங்களை அது கேள்வி கேட்டது. ஒரே கருவி, ஒரே கோடு வைத்து, ஒரே ஊரில் இரண்டு கூட்டத்தை ஒப்பிடும்போது கோடு எங்கே இருந்தாலும் பரவாயில்லை, யார் கூட, யார் குறைய என்பது தெரிந்துவிடும். அப்படி ஒன்றுதான் இங்கிலாந்தின் ப்ளிமத் நகரில் டெரன்ஸ் வில்கின் குழுவினர் 2003-இல் வெளியிட்டது. மூன்று பள்ளிகள். ஒன்றில் வாரத்துக்கு 9 மணி நேரம் உடற்கல்வி, மற்ற இரண்டில் 2.2 மணி நேரம், 1.8 மணி நேரம். 215 பிள்ளைகளுக்குக் கருவி கட்டினார்கள். பள்ளி நேரத்தில் 9 மணி நேரப் பள்ளிப் பிள்ளைகள்தான் அதிகம் அசைந்தார்கள், எதிர்பார்த்ததுதான். ஆனால் வீட்டுக்குப் போனபிறகு மற்ற இரண்டு பள்ளிப் பிள்ளைகள் அதை ஈடுகட்டிவிட்டார்கள். மொத்தக் கணக்கில் மூன்று பள்ளிகளுக்கும் வித்தியாசம் இல்லை!

இதற்கு விளக்கமாக ஒரு பழைய யோசனை மறுபடி பேசப்பட்டது. அறையின் வெப்பத்தை ஏ.சி. ஒரே அளவில் வைப்பது போல, உடம்பு தன் மொத்த அசைவை ஒரே அளவில் வைத்துக்கொள்கிறதோ என்று தாமஸ் ரோலண்ட் என்ற குழந்தை மருத்துவர் 1998-இல் எழுதியிருந்தார். இது இன்னும் தீராத வழக்கு. ஆனால் அடுத்தடுத்து வந்த செய்திகள் பி.டி. பீரியடை நம்பியவர்களுக்கு ஆறுதலாக இல்லை. கிளாஸ்கோவில் ஜான் ரெய்லி குழுவினர் 36 நர்சரிப் பள்ளிகளில் 545 குழந்தைகளை வைத்துச் செய்த சோதனை 2006-இல் வெளியானது. வாரம் மூன்று முறை அரைமணி நேரம் என்று 24 வாரம் கூடுதல் விளையாட்டு கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகளின் ஓடும், தாவும் திறமை வளர்ந்தது. கருவிக் கணக்கில் மொத்த அசைவு கூடவில்லை, எடைக் கணக்கும் மாறவில்லை. 2012-இல் வில்கினோடு வேலை செய்த மெட்காஃப், இதுபோன்று கருவி வைத்து அளந்த 30 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தார். அத்தனை முயற்சியின் பலன் ஒரு நாளைக்குச் சுமார் 4 நிமிடக் கூடுதல் நடை அல்லது ஓட்டம்.

அப்படியானால் பி.டி. பீரியடே வேண்டாமா? அப்படிச் சொல்வது அவசரம். கிளாஸ்கோ பிள்ளைகள் திறமை வளர்ந்து திரும்பினார்கள் என்பதை மறக்கக் கூடாது. விளையாட்டு என்பது கவுண்ட் சேர்க்கும் வேலை மட்டும்தான் என்று யார் சொன்னது?

இதற்கு மறுபக்கம் காட்டும் ஆய்வு ஒன்று கனடாவிலிருந்து. ஒன்டாரியோ மாநிலத்தில் பழைய முறை மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் காரும் டி.வி.யும் வேண்டாம் என்று விவசாயம் செய்து வாழ்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியில் உடற்கல்வி வகுப்பும் கிடையாது, விளையாட்டுக் குழுவும் கிடையாது. மார்க் ட்ரெம்ப்ளே குழுவினர் அந்தப் பிள்ளைகளின் இடுப்பில் கருவியைக் கட்ட அனுமதி வாங்கி (எப்படி வாங்கினார்களோ!), சாஸ்கச்சுவன் மாநிலத்தின் நகர, கிராமப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு 2005-இல் வெளியிட்டார்கள். பி.டி. பீரியடே இல்லாத மெனோனைட் பிள்ளைகள்தான் அதிகம் அசைந்தார்கள். பள்ளிக்கு நடந்து போவது, மாட்டுத் தொழுவத்தில் வேலை, தோட்ட வேலை என்று அவர்கள் நாள் முழுக்க அசைவாகவே இருந்தது. 4 நிமிடத்துக்காகப் போராடிய சோதனைகளோடு இதை வைத்துப் பார்த்தால், மணி அடித்து வரும் விளையாட்டுக்கும் வாழ்க்கையோடு வரும் அசைவுக்கும் உள்ள தூரம் தெரிகிறது.

நம் பக்கத்துக்கும் இந்தக் கருவி வந்தது. அமெரிக்காவின் பெனிங்டன் ஆய்வு மையம் நடத்திய 12 நாட்டு ஆய்வில் இந்தியாவும் ஒன்று, ஆய்வு நடந்த ஊர் பெங்களூர். 2011-இலிருந்து 2013 வரை, 9 முதல் 11 வயதுப் பிள்ளைகள், 24 மணி நேரமும் இடுப்பில் கருவி. கென்யா, கொலம்பியா, சீனா, பின்லாந்து என்று எல்லா ஊரிலும் ஒரே கருவி, 15 நொடி, ஈவன்சனின் ஒரே கோடு. 2004, 2007 குழப்பத்துக்குப் பிறகு இப்படி ஒன்று தேவையாகத்தான் இருந்தது. ஆனால் செலவைக் கொடுத்தது யார் தெரியுமா? கோக்க கோலா நிறுவனம். ஆய்வில் நிறுவனம் தலையிடவில்லை என்று ஆய்வாளர்கள் கட்டுரைகளில் எழுதியிருக்கிறார்கள், அதைச் சந்தேகிக்கத் தனிக் காரணம் இல்லை. ஆனால் பிள்ளைகள் என்ன குடிக்கிறார்கள் என்பதைவிட எவ்வளவு ஓடுகிறார்கள் என்பதில் ஒரு குளிர்பானக் கம்பெனிக்கு அக்கறை வருவது இயற்கைதானே!

கருவி இடுப்பிலிருந்து கைக்கும் இறங்கிவிட்டது. அமெரிக்க அரசு 2012-இல் சிறுவர்களிடம் நடத்திய உடல் தகுதி ஆய்வில் மணிக்கட்டில்தான் கட்டினார்கள். குளிக்கும்போதும் கழற்ற வேண்டாம். 1959-இன் ஆக்டோமீட்டர் இருந்த அதே இடம்! கவுண்டாகக் கூட்டாமல் ஒவ்வொரு நொடியின் அசைவையும் அப்படியே சேமித்து வைப்பது வழக்கமாகிவிட்டது. நாளைக்கு வேறொருவர் வேறொரு கோடு கிழித்தால் அதே பதிவை மறுபடி படித்துக்கொள்ளலாம்.

பழைய பதிவுகளையும் சும்மா விடவில்லை. பல நாட்டு ஆய்வுகளின் மூலப் பதிவுகளைத் திரட்டி ஒரே முறையில் கணக்கிடும் திட்டம் ஒன்று தொடங்கியது. அந்த 97 சதவீத ஐரோப்பியப் பிள்ளைகளும் 2.5 சதவீத பிரிஸ்டல் பிள்ளைகளும் அதில் ஒரே பெட்டியில் சேர்ந்தார்கள். 2015-இல் வந்த கட்டுரையில் 10 நாடுகளின் 27,637 பிள்ளைகள். 5 வயதுக்கு மேல் ஒவ்வொரு வயதுக்கும் சராசரியாக 4.2 சதவீதம் அசைவு குறைந்துகொண்டே போனது. இந்த முடிவுக்கு எந்தக் கோடும் தேவைப்படவில்லை, மொத்தக் கவுண்டை வைத்தே சொன்னார்கள். கோடு கிழித்துச் சொன்னது வேறொன்று. கருவி கட்டிய 'ஒவ்வொரு நாளும்' 60 நிமிடத்தை எட்டியவர்கள் பையன்களில் 9 சதவீதம், பெண்களில் 1.9 சதவீதம். ஆறு நாள் ஓடி ஏழாம் நாள் காய்ச்சலில் படுத்த பிள்ளையும் இந்தக் கணக்கில் தோல்விதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2010 பரிந்துரை 'தினமும் குறைந்தது 60 நிமிடம்' என்றது. 2020-இல் அதைத் திருத்தி 'வாரத்தின் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம்' என்று மாற்றினார்கள். அந்த ஒரு வார்த்தை மாறியதில் எத்தனையோ பிள்ளைகள் ஓர் அடிகூட அதிகம் வைக்காமல் 'போதாது' பக்கத்திலிருந்து 'போதும்' பக்கத்துக்கு வந்துவிட்டார்கள். ஐரோப்பிய ஆய்வில் முதலில் கருவி கட்டிக்கொண்ட அந்த ஒன்பது வயதுப் பிள்ளைகள் அதற்குள் முப்பதை எட்டியிருந்தார்கள்.